‘இல்லை’ என்று எழுதாதவள்

ஸ்பிரிட்டில் நனைத்த டிஷ்யூவால் அந்தச் சின்ன வைரக் கல்லை மூன்றாம் தடவையாகத் துடைக்கிறாள். இரண்டு தடவை போதும் என்பது விதி. அவளுக்குப் போதாது. மிளகளவுகூட இல்லாத கல் அது. மெத்தை ஃபோமில் ஒரு துணுக்கைக் கிள்ளி அதன்மேல் வைத்து, திருகாணியை முறுக்கி அழுத்தினால், கீழேயிருந்து அகச்சிவப்புக் கதிர் பாயும். திரையில் ஒரு கோடு மேடும் பள்ளமுமாக ஓடும். சீக்கிரம் தீப்பிடிக்காமல் இருக்க ஃபோமில் மருந்து கலப்பார்கள். அதில் உடம்புக்கு ஆகாதென்று தடைசெய்த வகை இருந்தால், அதற்கென்று உள்ள இடத்தில் பள்ளம் விழும். பதினோரு வருஷமாக அந்தப் பள்ளத்தைத் தேடுவதுதான் அவள் பிழைப்பு.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் ‘சந்தேகம்’ என்று பெயர். “என்ன சந்தேகம், சாப்பிட்டாச்சா?” என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். சிரித்துக்கொள்வாள். ஆனால் ‘இல்லை’ என்று மட்டும் அவளிடம் எழுதி வாங்க முடியாது. ‘காணப்படவில்லை’ என்றுதான் எழுதுவாள். “நூத்துக்கு ரெண்டு பங்குக்குக் கீழ இருந்தா இந்த மிஷினுக்குக் கண்ணே தெரியாது. அதுக்குத் தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?” வீட்டிலும் இதே பாட்டுதான். கணவர் “சாவி இல்லடி” என்றால், “காணோம்னு சொல்லுங்க” என்பாள். அந்த மனிதர் சாவியைத் தேடுவாரா, பேச்சைத் திருத்துவாரா!

இவ்வளவு பேசுகிறவள் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஏழு மாதத்துக்கு முன் தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது, தான் சோதித்த ஒரு கம்பெனியின் தொட்டில் மெத்தையைத் தேடிப்போய் வாங்கிக் கொடுத்தாள். “நானே டெஸ்ட் பண்ணதுடி. கண்ணை மூடிட்டுப் போடு.” ஊருக்குத்தான் உபதேசம்.

நேற்று அந்த மெத்தைச் சரக்கு மொத்தமும் கம்பெனிக்கே திரும்பி வந்துவிட்டது. வாங்கியவர்கள் வேறொரு பெரிய இயந்திரத்தில் பார்த்திருக்கிறார்கள். தடைசெய்த மருந்து இருக்கிறது. நூற்றுக்கு ஒரு பங்கு. சட்டம் விடுகிற அளவைப்போல் பத்து மடங்கு. அவளுடைய இயந்திரத்துக்கு அது எட்டாது.

மேலாளர் தைரியம் சொன்னார். “நம்ம மேல தப்பே இல்லம்மா. நீங்க எழுதினது சரிதான்.”

“எழுதினது சரிதான் சார். வாங்கினதுதான் தப்பு.”

அவருக்கு விளங்கவில்லை. சாயங்காலம் அவள் நேரே தங்கை வீட்டுக்குப் போனாள்.

“வாக்கா! என்ன மாயமோ, நீ வாங்கித் தந்த மெத்தைல போட்டாத்தான் இவன் தூங்குறான்” என்றாள் தங்கை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சை அவள் எடுக்கவே இல்லை. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் கண் செருகிவிட்டது.

“தூங்கிட்டான்க்கா. தொட்டில்ல போடு, கை வலிக்கப் போகுது.”

“இருக்கட்டும்டி.”

ஒரு மணி நேரம் ஆயிற்று. தங்கை இரண்டாம் முறையும் சொல்லிப் பார்த்தாள். அக்கா உட்காரக்கூட இல்லை. மரத்துப்போன இடது தோளிலிருந்து குழந்தையை மெல்ல எடுத்து, வலது தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.