குடிலுக்குப் போட்ட வைக்கோல்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்கள் எங்கள் கோவிலில் குடில் வெறுமையாக இருக்கும். பக்கத்திலேயே பாலிக் புலா வயல்களிலிருந்து வந்த வைக்கோல் ஒரு பெட்டியில். ஒரு நற்செயல் செய்தால் ஒரு துரும்பை எடுத்துக் குடிலுக்குள் போடலாம். குழந்தை இயேசுவுக்கு அது மெத்தையாகும். பிள்ளைகளுக்கான வழக்கம். போன வருடம் பெரியவர்களும் போடலாம் என்று சாமியார் சொல்லிவிட்டார். நான் பத்தொன்பது போட்டேன்.

பத்தொன்பதுக்கும் காரணம் ஒரே ஆள். வழிபாட்டுக் குழுத் தலைவர். என்னைவிட மூன்று வயது இளையவர். கிறிஸ்துமஸ் திருப்பலியில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பது இருபத்திரண்டு வருடங்களாக நான்தான். அதைப் பிடுங்கித் தன் மருமகனிடம் கொடுத்தார். “குரல் நடுங்குது அண்ணே. கடைசி பெஞ்சுக்குக் கேக்கல” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அதன் பிறகு அவரைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்ட ஒவ்வொரு முறைக்கும் ஒரு துரும்பு. பொறுத்தேனே தவிர மறக்கவில்லை. சமயம் வரட்டும் என்றிருந்தேன்.

வந்தது. மூன்றாம் ஞாயிறு, திருப்பலி முடிந்த நேரம். அவருடைய பேத்தி, ஐந்து வயது இருக்கும், பெட்டியிலிருந்து இரண்டு கையிலும் அள்ளி அள்ளிக் குடிலில் கொட்டிக்கொண்டிருந்தாள். நான்கு நடை. தலைவர் வீட்டிலேயே இந்த மோசடி! மீகூன் சேமியா சாப்பிட முற்றத்துக்குப் போனவர்களின் காதிலும் விழும்படி குரலை உயர்த்தினேன். நடுங்கவில்லை.

“ஏம்மா, இவ்ளோ நல்லது செஞ்சியா நீ? ஏமாத்த யாரு சொல்லிக் கொடுத்தா?”

ஓடி வந்த தலைவரின் முகம் கறுத்துப்போயிற்று. எனக்கு இனித்தது.

பேத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நான் ஒண்ணும் செய்யல தாத்தா. பலகை கெட்டியா இருக்குலா. பேபிக்கு முதுகு வலிக்கும்.”

யாரோ சிரித்தார்கள். அவளைப் பார்த்து அல்ல.

நான் விடவில்லை. “நான் நியாயமா பத்தொம்பதுதான் போட்டேன்.”

“எது உங்களோடது தாத்தா? காட்டுங்க.”

காட்டத்தான் மண்டியிட்டேன். குனிந்து கிளறினேன். எல்லாம் ஒரே மஞ்சள். அவளுடையது எது, என்னுடையது எது என்று ஒன்றும் பிடிபடவில்லை. எழ முயன்றபோது முழங்கால் மடங்கியபடியே பிடித்துக்கொண்டது. “தாத்தா, ஜெபம் பண்றீங்களா?” என்று அவளும் பக்கத்தில் மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது மேலிருந்து ஒரு கை நீண்டது. “புடிங்க அண்ணே.”

வேறு கை எதுவும் நீளவில்லை. அதைப் பிடித்துத்தான் எழுந்தேன்.

வாசகம் எனக்குத் திரும்பி வரவில்லை. அவரை மன்னித்துவிட்டேன் என்றும் எழுதமாட்டேன். என்னைத் தூக்கிவிட்டதற்காக அவர் குடிலில் ஒரு துரும்பு போட்டிருப்பார். அடுத்த ஞாயிறு சீக்கிரமே போய், அதை எடுத்து எறிந்துவிடலாம் என்று பார்த்தேன். அந்தப் பிள்ளை மறுபடியும் அள்ளிக் கொட்டியிருந்தாள்.