பந்துக்குள் என்ன இருந்தது?

பிள்ளைகளே, தோற்றுப்போன ஆட்டத்தைப் பற்றி எழுத யாருக்கும் ஆசை இருக்காது. எனக்கும் இல்லை. ஆனால் ஏன் தோற்றோம் என்று தெரிந்துகொள்ள ஒரு பந்தையே கிழித்துப் பார்த்தவன் நான். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது நான் திருவொற்றியூரில் ஆறாம் வகுப்பு. அன்று வெள்ளிக்கிழமை, விடாத மழை. மைதானம் குளமாகிவிட்டது. பி.டி. பீரியட் போச்சு என்று முகத்தைத் தொங்கப்போட்டிருந்தோம். பி.டி. சார் வந்து பார்த்தார்.

"இன்னாடா, எழவு வூடு மாதிரி குந்திகினு கீறீங்க? மேல ஹாலுக்கு வாங்க."

டியூப்லைட் உடையக் கூடாதென்று, பழைய சாக்ஸுக்குள் துணியைத் திணித்துத் தைத்த பந்து. மட்டைக்கு ஒடிந்த பெஞ்சுக் கட்டை. பையன்கள் பத்துப் பேர் ஒரு அணி, பெண்கள் பத்துப் பேர் ஒரு அணி.

ஆட்டம் இதுதான். பந்தை அடித்தவர், கும்பலாக உட்கார்ந்திருக்கும் தன் அணியைச் சுற்றி ஓட வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு ரன். எதிரணியில் யார் பந்தை எடுக்கிறாரோ, அவருக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையாக நிற்க வேண்டும். பந்து எல்லார் கையும் மாறிக் கடைசி ஆளிடம் சேர்ந்ததும் அவர் "நில்லு!" என்று கத்துவார். அத்தோடு ஓட்டம் முடிந்தது. "நடுவுல ஒரு கைய வுட்டாலும் செல்லாது" என்றார் சார்.

ஜெயிக்கும் அணிக்கு, சாருடைய நிஜ கிரிக்கெட் மட்டை இரண்டு நாளைக்கு. அதை ஒருமுறையாவது பிடித்துப் பார்க்க நான் ஒரு வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தேன்.

"மாமு, பேட்டு நம்மளுதுதான்" என்றான் பக்கத்திலிருந்தவன். எதிரணியில் என் அத்தை மகள், கட்டையைத் துடைப்பம் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கும் சந்தேகமே இல்லை.

பெண்கள் முதலில் அடித்தார்கள். பந்து பத்தடி தாண்டவில்லை. ஆனால் அதை எடுக்க நாங்கள் ஐந்து பேர் ஓடி முட்டிக்கொண்டோம். "எங்கிட்ட குடுடா!" "வரிசைல நில்லுடா!" என்று நாங்கள் கத்தி முடிக்கும்வரை அவர்கள் சுற்றிக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு நாங்கள். சுவருக்குச் சுவர் அடித்தோம். இருந்தும் இரண்டு சுற்றுக்குள் "நில்லு!" என்ற சத்தம் வந்துவிடும். எப்படி என்று உற்றுப் பார்த்தேன். ஒருத்தி ஜன்னலைப் பார்த்து நின்றால் அடுத்தவள் மேடையைப் பார்த்து நின்றாள். கைகள் இடுப்பளவில். யாரும் பந்தைப் பார்க்கவே இல்லை. அது தானாகப் போனது.

கடைசி ஆள் நான். மூன்று ரன் வேண்டும். ஓங்கி அடித்ததில் பந்து மேடைக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவது சுற்றில் ஒரே ஓர் எட்டு வைப்பதுதான் பாக்கி.

"நில்லு!" அத்தை மகள்தான்.

"சார், பந்த மாத்திட்டாங்க சார்! நாங்க புடிச்சப்ப வழுக்குச்சு!" என்று கத்தினேன்.

"அய்ய, தோத்துட்டு பேஜாரு பண்றான் பாரு" என்றாள் அவள்.

சார் திட்டவில்லை. பந்தை என் கையில் வைத்தார். "டவுட்டா கீதா? வூட்டுக்கு எடுத்துகினு போய் பிரிச்சு நல்லாப் பாரு. திங்கக்கிழம தைச்சு எடுத்துகினு வா."

சாயங்காலம் எங்கள் ஹவுசிங் போர்டு மாடிப்படியில் உட்கார்ந்து, பிளேடால் தையலைப் பிரித்தேன். பக்கத்து வீடுதான் அத்தை வீடு. அந்த மட்டை அவர்கள் கதவில் சாய்ந்திருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கீழே தண்ணி லாரி ஹாரன் அடித்தது. அம்மா, அத்தை, அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் இறங்கி, கீழிருந்து இரண்டாம் மாடிவரை படிக்கு ஒருவராக நின்றார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் பிடிப்பது பெண்கள் வேலை. குடிப்பது எங்கள் வேலை. அதனால் நான் எழுந்திருக்கவில்லை. அம்மா தெருவைப் பார்த்து நின்றாள், அத்தை சுவரைப் பார்த்து, அத்தை மகள் மறுபடி தெருவைப் பார்த்து. குடங்கள் சிந்தாமல் மேலே போய்க்கொண்டே இருந்தன.

நான் துணிகளை ஒவ்வொன்றாக உருவி உதறினேன்.

"இன்னாடா, கண்டுபுடிச்சியா?" அத்தை மகள் கேட்டாள். கை நிற்கவில்லை.

"கண்டுபுடிப்பேன்."

"சரி, தலயக் குனி. குடம் வருது."

குனிந்தேன். பந்துக்குள் இன்னும் கொஞ்சம் துணி பாக்கி இருந்தது.