படகுக் கக்கூசும் தண்ணீர்ப் போத்தலும்

அப்பாவுக்கு நான் ஒருநாள் காவல் இருந்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. அவருக்குச் சிறுநீரகத்தில் கல், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவோ வேலைக்குக் கொண்டுபோன போத்தலை நிறைத்தது நிறைத்தபடியே திருப்பிக் கொண்டுவருவார். "நீ கூடப் போய்ப் பாரு. மனுசன் குடிக்கிறாரா இல்லியான்னு வந்து சொல்லு" என்று பள்ளி விடுமுறையில் அம்மா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி அவரோடு லுமுட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே பணக்காரர்களின் சொகுசுப் படகுகள் நிற்கும். அவற்றின் கக்கூஸ் குழாய்களைச் சுத்தம் செய்வதுதான் அப்பாவின் வேலை. கடல் தண்ணீரும் மூத்திரமும் சேர்ந்து குழாய்க்குள் சுண்ணாம்பாக இறுகி, கடைசியில் சுண்டுவிரல்கூட நுழையாது. அப்பா குழாயைக் கழற்றி, வெயிலில் காயவைத்து, சிமெண்டுத் தரையில் ஓங்கி ஓங்கி அடித்தார். வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள் கொட்டின. சிப்பி என்று நினைத்துப் பொறுக்கப் போனேன்.

"ச்சீ, தொடாதம்மா! மூத்திரக் கல்லுலா அது!"

என் கையைக் கழுவப் போத்தலில் பாதியை ஊற்றிவிட்டார். மீதியை என்னையே குடிக்கச் சொன்னார். வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் உதடு வெடித்திருந்தது. ஆனாலும் ஒரு வாய் குடிக்கவில்லை. அப்படி என்ன பிடிவாதம் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

குடித்த தண்ணீர் எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. அப்பா என்னைக் கரையிலிருந்த கழிப்பறைக்கு அழைத்துப் போனார். வாசலில் காவலுக்கு இருந்த ஜாகாவும் தமிழர்தான். "பாப்பா போகட்டும் அண்ணே. நீங்க வேணாம். மொதலாளிங்க பாத்தா என் வேலை போயிரும்" என்றார். அந்த ஆளை இன்றுவரை என்னால் வெறுக்க முடியவில்லை, அவர் வயிற்றுப்பாடு அவருக்கு. அப்பா வெளியிலேயே நின்றார். உள்ளே குளுகுளுவென்று இருந்தது, சோப்பு வாசம் அடித்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்குள் ஓடினார். நான் அம்மாவிடம் போட்டுக்கொடுத்தேன். "ஒரு சொட்டு குடிக்கலம்மா!"

அம்மா பாத்ரூம் கதவருகே நின்று கத்தினார். "செத்துக் கித்துப் போகணும்னு இருக்கீங்களா? தண்ணி குடிச்சா என்ன கேடு?"

உள்ளே மூத்திரம் போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"குடிச்சா எங்க போறது?" என்றார் அப்பா.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாள் முழுக்க அவர் கக்கூசுகளுக்கு நடுவேதானே இருந்தார்?