எழுபது கிலோ அதிகம்

எங்கள் பிக்கப் வண்டியின் பின்னால், கூரையைத் தூக்கினால் ஆள் நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஒரு குட்டி வீடு கட்டியிருக்கிறோம். எடை கூடுகிறது என்று போன வாரம்தான் மேற்கு மாம்பலம் பட்டறையில் அலமாரிகளைக் கழற்றினோம்.

இன்று கொடைக்கானலுக்குக் கிளம்பும் வழியில் எடை மேடையில் ஏற்றினால், முன்பைவிட அதிகம்.

அலமாரியில் இருந்த மளிகையை என் மனைவி எவர்சில்வர் டிரம்களில் போட்டு ஏற்றியிருந்தாள்.

எடை போட்டவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னா சார், அலமாரிய எறக்கிட்டு பாத்திரக் கடையவே ஏத்திக்கினு வந்துகீறீங்க?"

"பிளாஸ்டிக்ல நான் அரிசி போட மாட்டேன். ஒரு டிரம்மும் எறங்காது," என்றாள் மனைவி.

எழுபது கிலோ குறைய வேண்டும். வண்டி ஓட்டுவது அவள்.

என் எடை எழுபத்திரண்டு.

கொடைக்கானலுக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.