ஆட்டுக்கு எறிந்த பொட்டலம்

அய்யலூர் பேருந்து நிறுத்தத்தில் ஓர் ஆட்டின் வாயிலிருந்து பாலித்தீன் பையைப் பிடுங்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நாடு முழுக்கப் பல வருடங்களாகக் குப்பைக்கு எதிராக இயங்கும் தொண்டு நிறுவனம் ஒன்றுக்காக, கையுறையும் சாக்குமாக நின்றிருந்தேன்.

"ஏ தம்பி, அது திங்கட்டும்னுதானே போட்டேன்!" பஸ் ஜன்னலிலிருந்து ஓர் அக்கா அதட்டினார்.

"இது பிளாஸ்டிக், அக்கா!"

"உள்ள ரெண்டு இட்லி இருக்குல்ல?" என்றவர், ஆட்டைப் பார்த்து "இந்தா... இந்தா..." என்று கூப்பிட்டார்.

அந்தக் கூப்பாடு என் மாமாவுடையது. சின்ன வயதில் ஆட்டுச் சந்தைக்கு அவரோடு இதே வழியாக வருவேன். வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தால் பஸ் முழுக்கப் புளிச்சோறு மணக்கும். மாமா கடைசிப் பிடியை வேண்டுமென்றே மிச்சம் வைத்து, "இந்தா... இந்தா..." என்று ஜன்னல் வழியே எறிவார். ஆடுகள் முட்டி மோதி இலையையும் தின்று தீர்க்கும். "நம்ம மட்டும் தின்னா செரிக்குமா அப்பு?" என்பார்.

இந்த அக்காவும் அதைத்தான் செய்கிறார். இலை மட்டும் பையாகிவிட்டது. நாங்களோ 'வீசாதீர்கள்' என்று பதாகை பிடித்து, ஆட்டுக்குப் போடுவதைத் தடுப்பவர்களாகத் தெரிகிறோம்.

பை ஒருவழியாக முழுசாக வந்தது. இட்லியை மட்டும் உதறிப் போட்டேன்.

"அப்படிப் போடு!" என்றார் அக்கா.

அடுத்த சந்தையன்று பதாகை வேண்டாம். மிச்சத்தைப் பையில்லாமல் வாங்கிக்கொள்ள ஒரு கூடையோடு பஸ்ஸுக்குள்ளேயே ஏறி, "ஆட்டுக்கு என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்கப் போகிறேன்.