பீர் இல்லாத பீர்-டு-பீர்

பிறத்தியார் வீட்டுக் கம்ப்யூட்டரை அவர்களை அணைக்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். அக்காவோ அண்ணனோ ஆராய்ச்சி செய்ய, அதற்குக் கைகாலாக வெயிலில் அலையும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

என் அக்கா கலைச்செல்வி ஹைதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்கிறாள். விஷயம் இவ்வளவுதான். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் இருக்கிறது, என் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் இருக்கிறது. நடுவில் பெரிய சர்வர் எதுவும் இல்லாமல் இரண்டும் நேருக்கு நேர் பேசிப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அது பீர்-டு-பீர், அதாவது சகாவுக்குச் சகா. அதோடு, யார் பக்கத்தின் மேலும் யாரும் குறிப்பு மாட்டலாம், வேறு பக்கத்தோடு இணைக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு எழுத்துகூட மாறாது. இணைப்புகளெல்லாம் தனியாக இருக்கும். படத்தின் மேல் கண்ணாடித் தாளை வைத்து எழுதுகிற மாதிரி. அது ஓப்பன் ஹைப்பர்மீடியா.

லேப்பில் எல்லாம் ஜோராக ஓடியது. கமிட்டிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்களே வைத்த மெஷின்கள் நீங்கள் சொன்னதைக் கேட்கத்தான் செய்யும். மனிதர்கள் வீட்டில் ஓட்டிக் காட்டுங்கள். அடுத்த ரிவ்யூவிலும் ஓடவில்லை என்றால் தலைப்பை மாற்றிவிடுங்கள்." தலைப்பை மாற்றுவது என்றால் பெயர்ப்பலகை மாற்றுவது இல்லை. மூன்று வருஷ உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பது. அக்கா அழவில்லை. துடைத்த மூக்குக்கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் இன்டர், அதாவது இந்த ஊர் பிளஸ் டூ, முடித்துவிட்டு, ஸ்கூட்டர் லைசென்ஸ் வாங்கின கையோடு வீட்டில் சும்மா இருந்தேன். எனக்கு இருக்கிற ஒரே திறமை, யார் குரலாக இருந்தாலும் பிடித்துவிடுவேன். அக்காவின் கைடு ஒரு தெலுங்கு புரொஃபசர். "சரி, ஆனால்" என்று பொருள்படும் "சரே கானி" இல்லாமல் அவர் வாயே திறக்க மாட்டார். அவர் குரலிலேயே, "சரே கானி, நான் இருக்கேன்ல?" என்றேன். அக்கா சிரித்துவிட்டாள். அன்றைக்கு முடிவு செய்தேன், இதை விடுவதாக இல்லை.

ஒரே ஒரு 'ப'

முதலில் ஆள் பிடிக்க வேண்டும். செகந்திராபாத்தில் தமிழர்கள் கூடும் மன்றம் ஒன்றின் பலகையில் நானே அழகாக எழுதி ஒட்டினேன்: "பீர்-டு-பீர் பகிர்வு. ஞாயிறு மாலை. அனைவரும் வருக. அனுமதி இலவசம்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. எல்லாம் மாமாக்கள். ஒருவர் கையில் மிக்சர் பொட்டலம்கூட இருந்தது. வாசலில் அவர்களின் மனைவிமார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காதான் பலகையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். தமிழில் இருக்கிற ஒரே 'ப'வை வைத்துக்கொண்டு நான் ஊருக்கே விருந்து அறிவித்திருக்கிறேன்!

மேடையேறி, "மன்னிச்சுக்கோங்க, இது பீர் இல்லை, பீர்" என்று விளக்கினேன். எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் மைக்கில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. மாமாக்கள் எழுந்து போனார்கள். அவர்கள் போனதும் நிம்மதியாக உள்ளே வந்து உட்கார்ந்த பெண்கள்தான் எங்கள் முதல் உறுப்பினர்கள். மிக்சர் மாமா மட்டும் வாசலில் திரும்பி நின்று கேட்டார்: "பீர் இல்லேன்னா எதுக்கும்மா பீர்னு எழுதினே?"

பாலாநகர் ரகசியம்

வரதன் மாமா பாலாநகரில் விமானத்துக்கு எலக்ட்ரானிக்ஸ் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடும் அங்கேயேதான். பெரிய கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர், எல்லாம் வைத்திருக்கிறார். பார்த்ததுமே எனக்கு வாயில் எச்சில் ஊறியது. ஆனால் "ஷேர்" என்ற வார்த்தையைச் சொன்னதும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"யார் யார் பார்ப்பா? எழுத்துல குடுப்பியா?" என்றார். நீங்கள் விரும்புவதை மட்டும் கொடுத்தால் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். ரொம்ப யோசித்து ஒரு சமரசத்துக்கு வந்தார். தன்னுடையது எதையும் வெளியே விடமாட்டார். ஆனால் மற்றவர்களின் பக்கங்களுக்கு ஒரு பிரதி எடுத்துத் தன்னிடம் பத்திரமாக வைத்துக்கொள்வார். அக்காவிடம் ஃபோனில் சொன்னேன். "ஐயோ பவி, அதுதான்டி வேணும்! யார் அணைச்சாலும் அவங்க பக்கம் அங்கேருந்து வரும்!" என்று கத்தினாள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "முப்பது வருஷம் என்ன வேலை பண்ணினேன்னு ஆத்துக்காரிகிட்டகூட மூச்சு விட்டதில்லை, தெரியுமோ?" சமையலறையிலிருந்து மாமியின் குரல் மட்டும் வந்தது: "தெரியாதுன்னே நெனச்சுண்டிருக்கட்டும், நீ காபி சாப்பிடு."

மெயின் சுவிட்ச்

போலாரத்தில் எங்கள் பக்கத்து வீடு கோமதி அத்தை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே வந்து எத்தனையோ வருஷமாகியும் பேச்சில் தாமிரபரணி அப்படியே ஓடும். அத்தை தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்யும் சொதியின் செய்முறையைத் தன் லேப்டாப்பில் படங்களோடு ஏற்றியிருந்தார். எங்கள் வலையில் எல்லோரும் தேடியது அந்தப் பக்கத்தைத்தான்.

ஆனால் அத்தை கோயிலுக்குப் போனாலும் காய்கறிக்குப் போனாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வாசல்படி தாண்டுவார். ரவுட்டர் போச்சு, லேப்டாப் போச்சு, சொதியும் போச்சு. வரதன் மாமாவோ ஒவ்வொன்றையும் பரிசோதித்துவிட்டுத்தான் பிரதி எடுப்பேன் என்று பிடிவாதம். அத்தையின் முறை இன்னும் வரவில்லை. அத்தையிடம் கெஞ்சினேன், விளக்கினேன், சுவிட்ச் மேல் சீட்டு ஒட்டினேன். சீட்டைக் கிழிக்காமல் அதன் மேலேயே அழுத்தி அணைத்தார்.

கடைசியில் புரொஃபசர் குரலில் ஃபோன் செய்தேன். "சரே கானி, மேடம், சயின்ஸ் உங்களை நம்பித்தான் இருக்குது!" அத்தை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "குரலு நல்லாத்தான் வருது பவி, ஆனா ஒங்க வீட்டுக் குக்கரு விசிலு எனக்கு ஜன்னல்லயும் கேக்கு, ஃபோன்லயும் கேக்கு."

கொழம்பா, பாயசமா?

அமீர்பேட் மெட்ரோ நிலையத்தின் படி இறங்கினால் கண்ணில் படுவதெல்லாம் கோச்சிங் போர்டுதான். அதில் ஒரு ஹாஸ்டலில் ஹரீஷ் என்று ஒரு பையன். அப்பா அம்மா வாரங்கலில் குடியேறிய தமிழர்கள். தமிழ் நன்றாகப் புரியும், வாயிலிருந்து வருவது மட்டும் தமிழோடு தெலுங்கும் ஹிந்தியும் கலந்த ஒரு கிச்சடி. தன் சாஃப்ட்வேர் கோர்ஸ் நோட்ஸைப் பகிர ஒப்புக்கொண்டான். ஹாஸ்டல் சாப்பாடு வெறுத்துப்போய், அத்தையின் பக்கத்தைப் பார்த்து ரைஸ் குக்கரில் சொதி வைத்துச் சாப்பிட்டிருக்கிறான்.

சாப்பிட்டவன் சும்மா இருந்தானா? அத்தையின் பக்கத்தின் மேல் ஒரு குறிப்பு மாட்டிவிட்டான். "காரமே இல்லை. இது கொழம்பா, பாயசமா?" மறுநாள் காலையில் அத்தை எங்கள் வீட்டுக் கதவை இடித்த இடியில் அப்பா முகத்தில் பாதி சோப்போடு ஓடி வந்தார். "எவன்லா அவன், என் சொதியில கைய வச்சவன்?"

அக்கா உட்காரவைத்து விளக்கினாள். உங்கள் பக்கத்தை யாரும் தொடவில்லை அத்தை, குறிப்பு தனியாக இருக்கிறது, வேண்டுமானால் விலக்கிவிட்டுப் பாருங்கள். அத்தை விலக்கிப் பார்த்தார். சொதி அப்படியே இருந்தது. திரும்ப மாட்டிப் பார்த்தார். பாயசம் வந்துவிட்டது. இருக்கிறவர்களில் முக்கியமான ஆளே கோபித்துக்கொண்டு போய்விட்டால் ரிவ்யூ என்னாவது? உடனே ஹரீஷுக்கு ஃபோன் போட்டு, குறிப்பை எடுத்துவிடு, அத்தையிடம் மன்னிப்புக் கேள் என்றேன். அவன் அசராமல், முடியாது, மன்னிப்பு எதற்கு என்று தன் கிச்சடியில் கேட்டான்: "நக்கோ பவி, ருசி பார்த்தவன் நான், மாஃபி கைக்கு?"

அணையா விளக்கு

அத்தை அன்று பகல் முழுக்க எங்கள் வீட்டிலேயே இருந்தார். குறிப்பு மாட்டுவது எப்படி என்று அக்காவிடம் கற்றுக்கொண்டார். சாயங்காலம் ஹரீஷின் நோட்ஸ் மேல் அத்தையின் முதல் குறிப்பு ஏறியது. "'ரிசீவ்'ங்கிற வார்த்தையில ஐ முந்தியா, ஈ முந்தியா? இத ஒழுங்கா எழுதத் தெரியாதவனுக்குச் சொதி ஒரு கேடா?" அவன் பதிலுக்குத் தன் சொதிப் படத்தை மாட்டினான். அத்தை அதன் மேல், "இது சொதியில்ல, சுண்ணாம்பு" என்று மாட்டினார். அந்தச் சுண்ணாம்பைப் பார்க்க மன்றத்துப் பெண்களெல்லாம் வந்தார்கள். ஆளாளுக்கு ஒரு குறிப்பு. இஞ்சி போதாது என்று ஒருவர், எலுமிச்சையை இறக்கினபின் பிழியணும் என்று ஒருவர். வேறெதற்கும் வாய் திறக்காத வரதன் மாமாகூட, "தேங்காய்ப்பால் மூன்றாம் பால் முதலில். இது ரகசியம் அல்ல" என்று ஒன்று மாட்டினார். அந்தக் கையோடு, முறை பார்க்காமல் சொதிக்குப் பிரதியும் எடுத்து வைத்துக்கொண்டார். பின்னால் சண்டை வந்தால் சாட்சிக்காம்.

நான் வாயைத் திறக்கவில்லை. எந்தக் குரலிலும். அடுத்த நாள் அத்தை கோயிலுக்குக் கிளம்பினார். கை பழக்கத்தில் மெயின் சுவிட்ச் வரை போயிற்று, நின்றது, திரும்பி வந்தது. "நான் இல்லாதப்ப அந்தப் பய பதில் போட்டுட்டா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினார். அத்தையின் கணவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்: "கரண்டு பில்லுன்னு சொல்லி என்னையவே இருட்டுல உக்கார வச்சவ தாயீ இவ, அந்தப் பையன் நல்லா இருக்கட்டும்!"

சரே கானி

ரிவ்யூ அன்று பின் வரிசையில் லேப்டாப்போடு நான். அக்கா கமிட்டிக்கு முன்னால் அத்தையின் பக்கத்தைத் திறந்தாள். வரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. என் ஃபோனில் அத்தை: "ஏட்டி, நான் அணைக்கல, இங்க டிரான்ஸ்ஃபார்மரு வெடிச்சுட்டு!" அக்காவின் கை மூக்குக்கண்ணாடிக்குப் போயிற்று. அது துணியைத் தொடுவதற்குள் திரையில் சொதி வந்தது. பாலாநகரில், இன்வெர்ட்டர் புண்ணியத்தில், வரதன் மாமா வைத்திருந்த பிரதி. அதன் மேல் பாயசமும் சுண்ணாம்பும் ஒன்று விடாமல் தொங்கின.

வெளியிலிருந்து வந்திருந்த ஒரு மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மெஷின் ஓடுவது சரி, இந்த மனிதர்கள் ஏன் அணைக்காமல் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்டார். அக்கா "சண்டை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அதை ஆங்கிலத்தில் கௌரவமாக எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். நான் எழுந்துவிட்டேன். கதவிடித்த அத்தையாக, ஜன்னல் சாத்திய மாமாவாக, நக்கோ சொன்ன ஹரீஷாக, மிக்சர் பொட்டலமாகவே நின்று காட்டினேன். மொழி புரியாதவர்களும் சிரித்தார்கள். அந்த வேகத்தில், "சரே கானி மேடம், சயின்ஸ் உங்களை நம்பித்தான் இருக்குது" என்பதும் வாயில் வந்துவிட்டது.

முன் வரிசையில் புரொஃபசர் திரும்பிப் பார்த்தார். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. மேடம் மட்டும் எழுதுவதை நிறுத்தாமல், தலைப்பு இதுவே இருக்கட்டும், சண்டைக்குத் தனியாக ஓர் அத்தியாயம் எழுதுங்கள் என்றார். அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் எழுந்து போன பிறகு புரொஃபசர் என்னிடம் வந்து, தலையைச் சாய்த்து, தான் நிஜமாகவே இப்படியா பேசுவது என்று மெதுவாகக் கேட்டார்: "சரே கானி... நேனு நிஜங்கா இலா மாட்லாடுதானா?"

ஆக, சக பாவப்பட்டவர்களே, பகிர்ந்துகொள்ளுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டபோது மெயினையே அணைத்தவர்கள், பதில் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததும் ரவுட்டருக்குக் காவல் இருக்கிறார்கள் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சியின் முடிவு.