தொடைக்குள் ஒரு கம்பி

ராயபுரத்தில் எங்கள் சகோதர சபை கூடும் மாடிக்கு லாட்ஜ் என்று பெயர். ரூம் கிடைக்குமா என்று பெட்டியோடு ஏறி வருபவர்களைத் திருப்பி அனுப்புவது என் தலையெழுத்து. நான் கோதண்டம். காசிமேட்டில் ஐஸ் பேக்டரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சபைக்கு வாசற்காவலன். இருபது வருடமாகக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறேன், உள்ளே வரப்போகிறவனை முதலில் பார்ப்பவனும் நானே. பீம்ராவ் குழப்பிய மாதிரி என்னை ஒருத்தனும் குழப்பியதில்லை.

எங்கள் சபையில் ஆள் சேர்ப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. இரண்டு உறுப்பினர்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அவனுக்குப் பொறுப்பேற்க வேண்டும். மூன்று பேர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அப்புறம் ஒரு மரப்பெட்டி சுற்றி வரும், ஆளுக்கொரு கோலி போடுவோம். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் கதை முடிந்தது. பீம்ராவுக்குப் பதினெட்டும் வெள்ளை.

அதுவே எனக்குப் புரியவில்லை. எங்கள் ஆட்கள் டாக்டர், ஆடிட்டர், சுங்க ஏஜெண்டு. நான் ஒருத்தன் எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டேன், அது வேறு கதை. பீம்ராவோ எண்ணூர் பக்கம் ஒரு தனியார் கண்டெய்னர் யார்டில் லாரி எடைமேடை பார்ப்பவன், வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் குடியிருப்பவன். நாற்பத்தாறு வயது, ஒரு காலைச் சாய்த்து நடப்பான். அவனுக்காக முதல் கையெழுத்துப் போட்டவர் அதே யார்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற கஸ்பார். இவருக்கும் அவனுக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு? கேட்டால் கஸ்பார் பேச்சை மாற்றுவார்.

சேருகிற நாளில் வருபவன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது. ஒருவனிடம் இருக்கும் காசு பணத்தைப் பார்த்து அவனை எடுப்பதில்லை என்று அதற்கு அர்த்தம். எல்லாவற்றையும் கழற்றி வாங்கி, கண்ணைக் கட்டி, கதவை மூன்று தட்டுத் தட்டி, “இவரிடம் உலோகம் ஏதும் இல்லை” என்று நான் சத்தியம் செய்ய வேண்டும். அப்போதுதான் கதவு திறக்கும்.

பீம்ராவ் வாட்ச், மோதிரம், பெல்ட், சாவி எல்லாவற்றையும் தட்டில் வைத்தான். கண்ணைக் கட்டினேன். தட்டுவதற்குக் கையை ஓங்கிவிட்டேன்.

“அண்ணே, இன்னொண்ணு கீது. அத்த கழட்ட முடியாது.”

“இன்னாது?”

அவன் தடவித் தடவிப் பேண்ட்டைத் தொடை வரைக்கும் சுருட்டினான். நீளமாக ஒரு தழும்பு. “உள்ள ஸ்டீல் கம்பி வச்சிக்கிறாங்கோ.”

எனக்கு வந்ததே கோபம். “இத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னாய்யா?”

“நீ இப்பதானே கேட்ட.”

அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? இப்போது நான் எந்த வாயால் சத்தியம் செய்வது? கதவை லேசாகத் திறந்து, செயலாளர் வல்லரசுவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் என்னையே முறைத்தார், கம்பியை நான்தான் வைத்த மாதிரி.

உள்ளே சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒருத்தர் சட்டப் புத்தகத்தைப் புரட்டச் சொன்னார். அதில் மோதிரம் இருக்கிறது, வாள் இருக்கிறது, தொடைக்கம்பி இல்லை. “தலைவருக்கே நெஞ்சுல ஸ்டென்ட் இருக்கு” என்றார் இன்னொருவர். “அது நான் சேர்ந்ததுக்கு அப்புறம் வச்சது” என்று தலைவர் கத்தினார்.

நான் கதவைச் சாத்திவிட்டு பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டிய கண்ணை உள்ளே போகும் வரை அவிழ்க்கக்கூடாது, அப்படியே இருந்தான்.

“எப்பிடி ஆச்சு?”

“கிரேன்ல மாட்டின வயர் ரோப்பு அறுந்துச்சு. இரும்புத் தகடு கால்மேல வுழுந்துச்சு. எட்டு வருஷம் ஆச்சு. அப்புறம் எடைமேடைல குந்த வச்சிட்டாங்கோ. அதுலேர்ந்து அந்த ரூம்ல தனியாத்தான் துன்றேன். இங்க எல்லாம் ஒண்ணா குந்தி துன்னுவீங்களாமே. உள்ள வுட்ருவாங்களாண்ணே?”

பேச்சை மாற்ற, “சபையப் பத்தி உனுக்கு எப்பிடித் தெரியும்?” என்றேன்.

“கஸ்பார் சார்தான் வூட்டுக்கு வந்து படிவம் குடுத்தாரு. உன்ன இன்னாத்துக்குக் கூப்புடறாங்கன்னு மங்கை கூட கேட்டுச்சு. எம் பொண்டாட்டி.”

போச்சு. யாரையும் நாங்கள் வா என்று கூப்பிடக்கூடாது, விரும்புகிறவன் தானாக வந்து கேட்க வேண்டும் என்பது எங்கள் முதல் விதி. கஸ்பார் அதையும் மீறியிருக்கிறார். கம்பியைப் பற்றிச் சொன்ன நான் இதையும் போய்ச் சொல்ல வேண்டுமா?

அப்போது உள்ளே நடந்த கம்பிச் சண்டையைக் கேட்கப் பொறுக்காமல் கஸ்பாரே வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை, கண்கட்டோடு இருந்தவனைப் பார்த்துச் சொன்னார்.

“பீம், அந்த ரோப் நைஞ்சு போயிருந்ததை அன்னிக்குக் காலையிலேயே பார்த்தேன். மாத்தினா ஒரு மணி நேரம் ஆகும். லாரியெல்லாம் வரிசைல நிக்குது. நல்லாருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

பீம்ராவ் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

“அதுக்கோசரந்தான் இட்டாந்தீங்களா சார்?”

“ஆமா பீம்” என்றார் கஸ்பார்.

“என்னியப் புடிச்சுப் போய்தான் கூப்டீங்கன்னு நெனச்சேன்.”

கதவு திறந்தது. வல்லரசு தலையை நீட்டினார். “எலும்போட சேர்ந்துட்டதால அது உடம்புதான்னு சபை முடிவு பண்ணிடுச்சு. கூட்டிட்டு வாங்க.”

பீம்ராவ் தானே கண்கட்டை அவிழ்த்தான். திறந்த கதவு வழியாகக் கூடத்தின் கடைசியில் நீள மேஜை தெரிந்தது. பத்தொன்பது தட்டு போட்டிருந்தார்கள். அதை நன்றாகப் பார்த்தான்.

“இன்னிக்கி வாணாம் சார்” என்றான். வல்லரசுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் விளங்கியதா என்ன? இதற்காக ஏங்கியவன் திறந்த கதவை விட்டுவிட்டு மோதிரத்தை மாட்டிக்கொண்டிருக்கிறான்.

“அண்ணே, புதுப் படிவம் ஒண்ணு குடு. சேத்துக்கோங்கன்னு நானே கேக்கறேன். கையெழுத்து நீ போடுவியா?”

இருபது வருடத்தில் யாருக்கும் நான் பொறுப்பேற்றதில்லை. எவனை நம்புவது என்று இருந்துவிட்டேன். மேஜை டிராயரிலிருந்து படிவத்தை எடுத்து, அவன் பெயரைக் கூட எழுதாமல், முதலில் என் கையெழுத்தைப் போட்டேன்.

“இன்னொரு கையெழுத்து வேணும்” என்றேன்.

கஸ்பார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். “நான் போடலாமா பீம்?”

பீம்ராவ் படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தான்.

“யோசிச்சு சொல்றேன் சார்.”

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனான். கஸ்பார் பேனாவோடு பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

“எப்ப சொல்லுவான் கோதண்டம்?”

“எனக்கு எப்படி சார் தெரியும்?” என்றேன்.